கழியில் கொடுவா: லூர் தூண்டில் பழகுபவர்களுக்கு ஒரு முதல் பருவம்

இந்தப் பருவம் கொடுவா மீன் பிடிக்க என்னோடு முட்டுக்காட்டு உப்பங்கழிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வந்ததும் கேட்டது ஒன்றைத்தான்: "அண்ணா, எந்த லூர் வாங்கணும்?" கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் முதலில் கேட்க வேண்டியது அல்ல. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஓட்டம் எப்போது திரும்பும், இரை மீன் எங்கே ஒதுங்கும் என்று தெரிந்தவர் கையில் சாதாரண லூரே மீன் பிடிக்கும். தெரியாதவர் கையில் பெட்டி நிறைய இருந்தும் வெறுங்கைதான். அதனால் தண்ணீரில் தொடங்கி, லூருக்குக் கடைசியில் வருகிறேன்.

லூர் என்றால் பொய் இரை. இறாலோ புழுவோ கோக்காமல், மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ செய்த ஒன்றை வீசி, உயிருள்ளதுபோல் இழுத்து மீனை ஏமாற்றுவது. காத்திருக்கும் தூண்டில் அல்ல, நாமே தேடிப் போகும் தூண்டில்.

படி 1: ஏற்றமும் வற்றமும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், கோவளத்துக்குச் சற்று முன்னால் பாலத்துக்கடியில் விரிந்து கிடப்பதுதான் முட்டுக்காட்டுக் கழி. பக்கிங்காம் கால்வாய் இதில் வந்து சேர்கிறது. கிழக்கே மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும் இடம் முகத்துவாரம். உள்ளே நடப்பது எல்லாவற்றுக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது.

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம் (கடல் நீர் ஏறுவது), இரண்டு வற்றம் (இறங்குவது). ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுவாக இருக்கும், அஷ்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். சென்னைக் கரையில் பெரிய ஏற்றமே சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் அந்த ஒரு மீட்டர் நீர் குறுகலான முகத்துவாரம் வழியாகப் போய்வரும்போது பாலத்தூணைச் சுற்றிச் சுழி விழும். மீன் இரை தேடுவது அந்த ஓட்டத்தில்தான்.

கைபேசியில் பார்க்கும் ஏற்றவற்ற அட்டவணை துறைமுகத்துக்கானது. கழிக்குள்ளே நீர் திரும்புவதற்கு அதைவிட நேரமாகும். எவ்வளவு நேரம் என்பது முகத்துவாரம் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு தூணில் கண்ணுக்குத் தெரியும் சிப்பி வரியை அடையாளமாக வைத்துக்கொண்டு, நீர் அதைத் தொடும் நேரத்தைக் குறித்துவையுங்கள். நான்கு நாள் குறித்தால் உங்கள் இடத்துக்கான அட்டவணை உங்களிடமே இருக்கும்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் நேரம்: வற்றம் தொடங்கி முதல் இரண்டு மணி நேரம். ஓரப் புதர்களுக்குள் போயிருந்த மடவைக் குஞ்சும் இறாலும் அப்போது வாய்க்கால்களின் வழியே வெளியேறியாக வேண்டும். அந்த வாய்க்கால் வாயில் கொடுவா காத்திருக்கும். அது விடியற்காலையோடு சேர்ந்து வந்தால் அன்று தூக்கத்தைப் பார்க்காதீர்கள்.

படி 2: பருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வரும்போது கழி காப்பி நிறத்தில் ஓடும். மணல்திட்டை வெள்ளம் உடைக்கும். கலங்கல் நீரும் கடல் நீரும் சந்திக்கும் கோட்டில் மீன் குவியும் என்பது உண்மை. ஆனாலும் அந்த நாட்களில் புதியவர்களை நான் முகத்துவாரத்துக்குக் கூட்டிப் போவதில்லை. காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு போகும் வேகம் நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

என் பருவம் மார்கழியில் தொடங்குகிறது. வெள்ளம் வடிந்து, உப்பு ஏறி, தண்ணீர் தெளிந்து பச்சையாகும். தையும் மாசியும் சிறந்த மாதங்கள். வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் பாலத்தின் தென்பக்கம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கோடையில் கடல் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடுவது உண்டு. அடைபட்டால் உள்ளே ஏற்றவற்றமே கிடையாது. அட்டவணை பார்த்துப் பயனில்லை, மீனும் சோர்ந்து கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று போடும் தூண்டிலுக்கு அது பொருந்தாது. ஆனால் வெயிலேறிய நீரில் பிடித்து விடும் மீன் எளிதில் பிழைப்பதில்லை. அதனால் அந்த மாதங்களில் நான் கம்பைத் துடைத்து வைத்துவிடுகிறேன். ஆடி ஆவணியில் மாலை இடிமழை வரும். கார்பன் கம்பு மின்னலை அழைக்கும் கம்பி. முதல் இடி கேட்டதும் அதைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் போய்விடுங்கள்.

படி 3: இடம் பார்ப்பது

இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில், வாயில் பறியை (சிறு கூடையை) கவ்வியபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையின் பள்ளம் மேடு அவர்கள் விரலுக்குத் தெரியும். எனக்கு இந்தக் கழியைக் கற்றுக் கொடுத்தவர் அப்படி ஒரு அம்மா. இறால் எங்கே கிடைக்கிறதோ அதன் ஆழமான ஓரத்தில் கொடுவா இருக்கும். அவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள், நலம் கேளுங்கள். அவர்கள் இருக்கும் பக்கம் லூர் வீசவே வீசாதீர்கள். மூன்று முனைத் தூண்டில் முள் பறக்கும் வேகத்தில் ஒருவர் கண்ணைப் போக்கிவிடும். வலை கட்டியிருந்தால், நண்டுக்கூடு போட்டிருந்தால், அந்த இடம் அவர்களுடையது. நமக்கு இது பொழுதுபோக்கு, அவர்களுக்கு அன்றைய சோறு.

யாரும் இல்லாத இடத்தில் தேட வேண்டியவை: பாலத்தூண், பழைய கல்கட்டு, கண்டல் வேர், வாய்க்கால் வாய், திட்டு சட்டென்று ஆழமாகும் விளிம்பு. ஓட்டம் மோதும் பக்கத்தைவிட ஓட்டம் மறைந்து நீர் அமைதியாக இருக்கும் பின்பக்கத்தில்தான் பெரிய மீன் நிற்கும். மடவைக் கூட்டம் சிதறித் துள்ளினால் கீழே ஏதோ துரத்துகிறது.

சரணாலயம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லைக்குள் தூண்டில் வேண்டாம். பிச்சாவரம் போன்ற கண்டல் காடுகளுக்குப் போவதானால் வனத்துறையிடம் முதலில் கேளுங்கள்.

படி 4: கம்பு, ரீல், நரம்பு

ஏழு அடிக் கம்பு, 10 முதல் 30 கிராம் எடை வீசக்கூடியது. 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது இழை இழையாகப் பின்னிய தூண்டில் நரம்பு. அதன் நுனியில் ஒரு பாகம் (விரித்த இரு கை) நீளத்துக்கு 40 பவுண்டு புளூரோகார்பன் லீடர், லூருக்கு முன்னால் வரும் தடித்த நரம்பு. கடையில் பிரெய்டுக்குப் பதில் தங்கூசியே (நைலான் நரம்பே) போதும் என்பார்கள். தங்கூசி நீளும், லூருக்கு நாம் கொடுக்கும் சின்னத் தட்டு அதனிடம் போய்ச் சேராது. லீடர் எதற்கு? கொடுவாவின் வாய் உப்புக்காகிதம் மாதிரி, பிரெய்டைத் தேய்த்தே அறுத்துவிடும். செவுள் மூடியின் விளிம்போ பிளேடு.

பிரெய்டையும் லீடரையும் சேர்க்க டபுள் யூனி முடிச்சு போதும். இரண்டையும் எதிரெதிராக ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். பிரெய்டு முனையை மடக்கி வளையம் செய்து, இரண்டு நரம்பையும் சேர்த்து வளையத்துக்குள்ளேயே எட்டு சுற்று. லீடர் முனையிலும் அதே போல் நான்கு சுற்று. எச்சிலால் நனைத்து, இரு பக்கமும் மெதுவாக இழுத்தால் இரண்டு முடிச்சும் வந்து ஒட்டிக்கொள்ளும். நனைக்காமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் லீடர் வெந்து பலமிழக்கும்.

லூரைக் கட்ட, இறுகாத வளைய முடிச்சு. லீடரில் ஒரு சாண் தள்ளித் தளர்வாக ஒரு சாதாரண முடிச்சு. முனையை லூர் காதில் நுழைத்து, அதே முடிச்சின் வழியே திரும்பக் கொண்டுவந்து, மேல் நரம்பில் நான்கு சுற்று சுற்றி, மறுபடி அதே முடிச்சுக்குள் விட்டு, நனைத்து இறுக்குங்கள். சுண்டுவிரல் நுனி நுழையும் வளையம் மிஞ்ச வேண்டும். அந்த வளையத்தில்தான் லூர் தாராளமாக ஆடும்.

இனி டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதைக் கட்டுப்படுத்தும் திருகு. இதை இந்தத் தை மாதம் ஒரு கல்லூரித் தம்பியின் மீனை இழந்துதான் நானே மறுபடி நினைவுபடுத்திக்கொண்டேன். நான்காவது தூண் அருகே பெரிய மீன் கடித்தது. தம்பி ரீலின் டிராக்கை இறுக்கி முடுக்கி வைத்திருந்தார். ஒரே இழு, "டப்" என்று லீடர் முடிச்சிலேயே அறுந்தது. கிளம்பும் முன் நான் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து யாராக இருந்தாலும் கரையிலேயே இதைச் செய்யச் சொல்கிறேன்: இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நரம்பில் கட்டுங்கள். கம்பைக் கிடையாக நீட்டிப் பாட்டிலைத் தூக்கும்போது, அது தரையை விட்டு எழும்பியதும் ரீல் மெதுவாக நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். அதாவது சுமார் இரண்டு கிலோ. 20 பவுண்டு என்பது ஏறத்தாழ ஒன்பது கிலோ. அதில் கால் பங்கு டிராக் வைத்தால் முடிச்சுக்கும் மீனுக்கும் இடமிருக்கும்.

படி 5: மூன்றே லூர்

நான்கு அங்குல ரப்பர் மீன், தட்டை வாலோடு, 10 கிராம் ஜிக் ஹெட்டில் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்). பத்து சென்டிமீட்டர் மிதக்கும் மினோ (சின்ன மீன் வடிவ லூர்), மூன்று நான்கு அடிக்கு மேல் முங்காதது. ஒரு சின்ன பாப்பர் (நீர்மட்டத்தில் சத்தம் எழுப்பும் லூர்). முதல் பருவத்துக்கு வேறெதுவும் வேண்டாம். தெளிந்த நீரில் வெள்ளி, கலங்கலில் கறுப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள். முள்ளின் கூருக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்தும் உங்கள் விரலிலிருந்தும் எளிதாகக் கழலும்.

வீசும் முறை: ரீலின் தண்டு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் இருக்கட்டும். ஆள்காட்டி விரலால் நரம்பைக் கொக்கி போட்டுப் பிடித்து, ரீலின் வளைகம்பியைத் திறங்கள். லூர் கம்பு நுனியிலிருந்து இரண்டு சாண் தொங்கட்டும். பின்னால் ஆள் இருக்கிறாரா என்று திரும்பிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். தோளுக்கு மேலிருந்து முன்னால் வீசி, கம்பு சாய்வாக இறங்கும்போது விரலை விடுங்கள். லூர் விழுந்ததும் வளைகம்பியைக் கையாலேயே மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். பிரெய்டு சிக்கு விழுவது பெரும்பாலும் இந்த ஒரு இழுப்பை மறப்பதால்தான்.

ரப்பர் மீன் தரையைத் தொட்டதும் நரம்பு தளரும். கம்பு நுனியை ஒரு முழம் தூக்குங்கள், நரம்பைத் தளரவிடாமல் கீழே இறங்க விடுங்கள். கடி பெரும்பாலும் இறங்கும்போது வரும். வால் மட்டும் கத்தரித்ததுபோல் அரைவட்டமாகக் காணாமல் போனால், அது பேத்தை (உடலை ஊதிக்கொள்ளும் மீன்). இடம் மாறுங்கள்.

மினோவுக்கு: இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் வாய்க்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுங்கள். புதியவர்களுக்கு மிகக் கடினம் இந்த நிறுத்தம்தான், கை தானாகச் சுற்றும். தூணுக்குப் பின்னால் லூர் செத்ததுபோல் மிதக்கும் அந்த மூன்று எண்ணுக்குள்தான் கொடுவா வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். மேல்மட்டத்தில் என்றால் "பொளக்" என்று ஒரு சத்தம். இருட்டில் அதைக் கேட்டவர் மறக்க மாட்டார். சத்தத்துக்குக் கம்பை இழுக்காதீர்கள். கையில் எடை தெரிந்த பிறகு இழுங்கள்.

படி 6: மீன் மாட்டியதும்

தூணிலிருந்து விலக்குவதுதான் முதல் வேலை. கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து இழுங்கள். கொடுவா துள்ளித் தலையை உதறும்போது கம்பு நுனியை மீனை நோக்கித் தாழ்த்துங்கள். நரம்பு விறைத்திருந்தால் லூரைக் கழற்றி எறிந்துவிடும். செப்பிலி மாட்டினால் துள்ளாது, நேராகக் கல்லுக்குள் ஓடும், பல்லும் கூர். ஊழியின் வாய்க்குள் விரலே போகக் கூடாது. கெளுத்தி வந்தால் முதுகிலும் இரு பக்கமும் உள்ள முள்ளில் விஷம். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில் அரை மணி நேரமாவது காயத்தை முக்கிவைத்து, மருத்துவரிடம் போங்கள்.

கரைக்கு வந்த மீனை ரப்பர் வலையில் நீரிலேயே வையுங்கள். படத்துக்காகத் தூக்கினால் ஒரு கை கீழ்த்தாடையில், ஒரு கை வயிற்றுக்கடியில். தாடையில் மட்டும் தொங்கவிட்டால் கழுத்தெலும்பு விலகும்.

எதை விட வேண்டும்? கொடுவா ஆணாகத்தான் முதிர்கிறது. சில வருடம் கழித்து, முக்கால் மீட்டரைத் தாண்டி வளரும் காலத்தில், பெண்ணாக மாறுகிறது. ஆகவே கழியில் மாட்டும் பெரிய மீன் பெரும்பாலும் தாய்மீன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கிழக்குக் கரையில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120 சென்டிமீட்டரைத் தாண்டியதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். இங்கே நான் வைத்திருக்கும் விதி: 50க்குக் கீழும் 80க்கு மேலும் தண்ணீருக்கே. இடையில் ஒன்று, குடும்பத்துக்குக் குழம்புக்கு. இதே முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. உண்ண ஆசைப்பட்டால் பண்ணைக் கொடுவா சந்தையில் கிடைக்கிறது.

விடும்போது தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, செவுளில் நீர் ஓட விடுங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். வால் தானாக உதைத்துக் கையை விட்டுப் போகும்வரை பிடித்திருங்கள். சில நேரம் ஐந்து நிமிடம் ஆகும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிராக்கை இறுக்கி மூடிவிட்டு, ரீல் மீது நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவுங்கள், பீய்ச்சி அடிக்க வேண்டாம். லூர்களைப் பக்கெட்டில் ஊறப்போடுங்கள். நோட்டில் தேதி, திதி, நீரின் நிறம், எந்தத் தூண், ஏற்றமா வற்றமா என்று எழுதுங்கள், மீன் கிடைக்காத நாளிலும். ரீல் காய்ந்ததும் டிராக்கை முழுதும் தளர்த்தி வையுங்கள். அடுத்த முறை கரையில் பாட்டிலைக் கட்டித் திரும்பவும் சரிபார்க்கத்தான் போகிறீர்கள்.