தாத்தா கட்டுன தோணி எங்கெல்லாம் ஓடுச்சுன்னு தேடிப் பிடிக்கிறது எப்படி

கடலோர ஊர்ல பாதி வீட்ல இந்தப் பேச்சு இருக்கும், எங்க தாத்தா தோணி கொழும்பு போச்சு ரங்கூன் போச்சுன்னு. சரி எந்த வருஷம், என்ன சரக்கு, கடைசில அந்தத் தோணி என்னாச்சுன்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்வாங்க. இங்க தூத்துக்குடி, அங்க யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை, ரெண்டு பக்கமும் குடும்பமே கட்டி குடும்பமே ஓட்டுன பாய்மரக் கப்பல்கள் நிறைய இருந்துச்சு, அதுல உங்க வீட்டுதோட கதையை முழுசா எடுக்கணும்னா எப்படின்னுதான் இது.

முதல்ல பெட்டியைத் திறக்காதீங்க, ஆளைப் பிடிங்க. பேப்பர் எங்கயும் போயிடாது, எண்பது வயசு பெரியவர் இருப்பாரான்னு சொல்ல முடியாது. குடும்பத்து ஆளுங்களை விட அந்தத் தோணில வேலை பார்த்தவங்களைத் தேடுங்க, தண்டலா, அதாவது தோணியை நடத்துற தலைவரா (வல்வெட்டித்துறை பக்கம் தண்டையல்னு சொல்வாங்க) இருந்தவர் கிடைச்சா யோகம், ஆனா சமையலுக்குன்னு சின்னப் பையனா ஏறுனவர் கிடைச்சாலும் விடாதீங்க, அவருக்குத்தான் எந்த ஊர்ல எத்தனை நாள் கிடந்தோம், என்ன தின்னோம்னு எல்லாம் ஞாபகம் இருக்கும். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு தாத்தா"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா பெருமூச்சு மட்டும்தான் வரும். என்ன ஏத்துனீங்க, திரும்பி வரும்போது சரக்கா வெறும் மணல் பாரமா, கரை ஏத்தி கலப்பத்து (பலகை இடுக்குல பஞ்சு அடைக்கிற வேலை) பார்த்தது எந்த ஊர்ல, எந்தக் காத்துல கிளம்புனீங்க, இப்படிக் கேளுங்க.

காத்து ரொம்ப முக்கியம். பெரியவங்களுக்கு தேதி மறந்திருக்கும், வாடையா (வடக்குக் காத்து) கச்சானா (மேற்குக் காத்து) கொண்டலான்னு (கிழக்குக் காத்து) மறக்காது. பாய் மட்டும் கட்டி ஓடுன காலத்துல தென்மேற்குக் காத்துல பர்மா பக்கம் ஏறுறதும் வாடைல திரும்பி வர்றதும்தான் இயல்பு, அதனால யாராவது ஆனி மாசம் ரங்கூன்ல இருந்து பாய் விரிச்சு நேரா வந்து இறங்குனோம்னு சொன்னா ஊரோ மாசமோ ஏதோ ஒண்ணு மாறியிருக்கு, இல்லைன்னா அதுக்குள்ள இஞ்சின் வச்சுட்டாங்க. உடனே மறுத்துப் பேசாதீங்க, குறிச்சு வச்சுட்டு இன்னொருத்தர்கிட்ட கேளுங்க.

வருஷம் கண்டுபிடிக்க பெரிய சம்பவங்களைப் பிடிச்சுக்கோங்க. 1942ல ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சதும் பர்மா அரிசி வர்றது நின்னுச்சு, அதனால அரிசி ஏத்துன கதைன்னா அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்கலாம். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, அந்தப் பக்கத்துல யாருக்கும் அது மறக்காது. 1983 கலவரத்தை வச்சு கொழும்புப் பயணங்களைப் பிரிக்கலாம்.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். தூத்துக்குடில கரையோரம் ஆழம் கம்மி, பெரிய கப்பல் கிட்ட வர முடியாம அஞ்சு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், அதுக்கும் கரைக்கும் நடுவுல மூட்டை சுமந்தது தோணிங்கதான். ஆழ்கடல் துறைமுகம் வந்து 1974ல அது பெரிய துறைமுகம்னு ஆகுற வரைக்கும் எத்தனையோ தோணிங்களுக்கு அதுதான் சோறு போட்டுச்சு. அதனால உங்க தாத்தா தோணி கடல் தாண்டாம வாழ்நாள் பூரா அந்த அஞ்சு மைல்லயே ஓடியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. அப்படின்னா அதையே எழுதுங்க, என்னைக் கேட்டா இன்னும் சரியா யாரும் எழுதாத கதையே அதுதான்.

அடுத்தது பேப்பர். பதிவுச் சான்றிதழ் கிடைச்சா பேரு, நம்பர், துறைமுகம், அளவு, உரிமையாளர் எல்லாம் ஒரே இடத்துல கிடைச்சிடும். இல்லைன்னா கணக்கு நோட்டு. இந்தியப் பக்கத்து நோட்டுல அணா பைசான்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் 1957க்கு முன்னாடி, அந்த வருஷம்தான் நயா பைசா வந்துச்சு. இந்தக் கணக்கை யாழ்ப்பாணப் பக்கம் போடாதீங்க, இலங்கைல பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே சதம் வந்தாச்சு. பழைய நோட்டுல தமிழ் எண்ணும் கால், அரைக்கால் குறியும் இருக்கும், படிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட காட்டிக்கோங்க, நீங்களா ஊகிச்சா மூட்டைக் கணக்கு தாறுமாறா போயிடும்.

பேருல ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, பழைய தோணி போனதும் புதுசுக்கும் அதே சாமி பேரையே வைப்பாங்க, ரெண்டு தோணி கதை ஒண்ணாக் கலந்துடும், அதனால நம்பரைப் பாருங்க, நம்பர் இல்லைன்னா நீள அகலத்தைப் பாருங்க. இன்னொண்ணு, வித்தா பேரு மாறும். வல்வெட்டித்துறைல கட்டுன அன்னபூரணி 89 அடி நீளம், அதை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்ங்கிற அமெரிக்கர் வாங்கி ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்னு பேரை மாத்திட்டாரு. வல்வெட்டித்துறை ஆளுங்களே ஓட்டிட்டுப் போய் 1938 ஆகஸ்ட்ல மாசசூசெட்ஸ்ல இருக்கிற குளோஸ்டர்ல சேர்த்தாங்க. பழைய பேரை மட்டும் வச்சுத் தேடுனா இதுல பாதி கிடைக்காது. வித்த தோணின்னா வாங்குனவர் ஊர்லயும் வாங்குனவர் பேர்லயும் தேடணும்.

போட்டோ இருந்தா பாய்மரத்தை எண்ணுங்க, முன்மரத்துல குறுக்கா பருமல் (பாயைக் கட்டுற குறுக்குக் கழி) இருக்கான்னு பாருங்க. அன்னபூரணி மாதிரிக் கப்பல்ல முன்மரத்துல குறுக்குப் பாய், பின்மரத்துல நீளவாக்குப் பாய். மரம் குட்டையா, பாய் பேருக்குச் சுருட்டி வச்சிருந்தா அது இஞ்சின் காலத்துப் படமா இருக்கலாம். இஞ்சின் எப்ப வச்சாங்கன்னு தனியா கேளுங்க, அதோட ஆள் எண்ணிக்கை, சரக்கு, போற மாசம் எல்லாமே மாறியிருக்கும்.

முடிவை நேராவே கேட்டுடுங்க, முங்குச்சா, வித்தாங்களா, உடைச்சாங்களா, சுங்கத்துல பிடிச்சாங்களா. பிடிச்சதுன்னா வீட்ல வாய் திறக்க மாட்டாங்க, பக்கத்து வீட்ல சொல்வாங்க. உடைச்சதுன்னா பலகை எங்க போச்சுன்னு கேளுங்க, யார் வீட்டு உத்தரத்துலயோ கதவு நிலைலயோ இருக்கலாம், ஆணி ஓட்டையும் இடுக்குல பஞ்சும் தெரியுதான்னு பாருங்க.

எழுதும்போது பேப்பர் சொன்னது, ஆள் சொன்னது, நீங்க ஊகிச்சது மூணையும் தனித்தனியா வைங்க. நோட்டையும் சான்றிதழையும் போன்லயே பகல் வெளிச்சத்துல படம் எடுத்து குடும்ப குரூப்ல போட்டு வச்சுடுங்க, தயவுசெஞ்சு லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, உப்புக்காத்துல ஊறுன பழைய தாள் அந்தச் சூட்டுக்குத் தாங்காது, அப்புறம் பிரிக்கவும் முடியாது.