சைக்கிளுக்கு விட்ட டாமினோ: ரீஃப் டேங்க்குக்கு மீன் சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். புதிதாக ரீஃப் டேங்க், அதாவது பவளத்தோடு மீன் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, வைத்திருக்கிறான். "அண்ணே, ராயல் கிராமா ஒண்ணு வாங்கி விட்டேன். ரெண்டு நாளா பம்புக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு நிக்குது. சாப்பாடு போட்டாலும் வெளிய வரமாட்டேங்குது. தண்ணி டெஸ்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான்.

"முதல்ல என்ன மீன் விட்ட?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சைக்கிளுக்காக நாலு டாமினோ விட்டேன்ணே."

டாமினோ என்பது டேம்சல் குடும்பத்துச் சின்ன மீன். சைக்கிள் என்பது, கழிவைச் சமாளிக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் வளர்கிற காலம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்ததை அப்படியே செய்திருக்கிறான். கடைக்காரர் சொன்ன வசனம்கூட மாறவில்லை. இந்த ஒரு வருடத்தில் இதே கதையை என்னிடம் சொல்லும் நான்காவது ஆள் அவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சிங்க மீனையும் குட்டி இறாலையும் ஒன்றாக விடாதீர்கள், ஒரே நாளில் பத்து மீன் வாங்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும். தெரிந்தும் செய்பவர்களுக்கு நான் சொல்லி என்ன ஆகப் போகிறது.

சைக்கிளுக்கு டேம்சல் விடுவது

புதுத் தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் பாறை அடுக்கிய உடனே மீன் விட முடியாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். பாறையிலும் மணலிலும் வளரும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அந்த பாக்டீரியா போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அது பெருக வேண்டுமென்றால் அதற்குத் தின்ன அமோனியா வேண்டும். அமோனியா கொடுக்க, எதற்கும் அசராத ஒரு மீனை விடு என்பது அந்தக் காலத்து யோசனை.

அன்றைக்குக் கடையில் எனக்குச் சொன்னது: "சார், ரெண்டு மூணு டாமினோ விடுங்க. சாகாது. விலையும் கம்மி. சைக்கிள் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டு வந்துடுங்க, நான் எடுத்துக்கறேன்."

டாமினோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாங்காமல் வர மனசு வராது. கரிய பட்டுத் துணி போல உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, முதுகோரம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மூன்று வாங்கினேன்.

என் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு 250 லிட்டர். பாறையும் மணலும் போக 200 தேறும். மூன்றாவது நாளே அமோனியா டெஸ்ட் குழாய் பச்சையாக வந்தது. மீன்கள் செவுளை அடித்துக்கொண்டு மூச்சு வாங்கின. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் கடைக்காரர் சொன்ன முதல் விஷயம் பொய்யில்லை, ஒன்றுகூட சாகவில்லை.

ஆறாவது வாரம் நைட்ரைட் பூஜ்யத்துக்கு வந்தது. அதற்குள் மூன்றில் பெரியது மற்ற இரண்டையும் கவனித்துக்கொண்டிருந்தது. ஒன்று ஒரு நாள் காலையில் துடுப்பெல்லாம் கந்தலாகிச் செத்துக் கிடந்தது. இன்னொன்று மேல் மூலையை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. இரண்டு வாரத்தில் அதுவும் போனது. எஞ்சிய ஒன்றுக்கு நாலடித் தொட்டி முழுதும் சொந்தம்.

அடுத்து நீமோ ஜோடி விட்டேன், வால் கடிபட்டது. ஃபயர்ஃபிஷ் விட்டேன், மறுநாள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையில் கருவாடாகக் கிடைத்தது. துரத்தல் தாங்காமல் இரவில் குதித்திருக்கிறது. ராயல் கிராமா விட்டேன், அது பாறைக்குள் போனதைப் பார்த்தேன், வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் என் கையையும் கடிக்கும். வலிக்காது, ஆனால் நம் காசில் வாங்கிய ஐந்து சென்டிமீட்டர் மீன் நம்மையே மிரட்டுவது எரிச்சல்.

இவ்வளவுக்கும் அது கெட்ட மீன் என்று சொல்ல மாட்டேன். கடலில் குட்டி டாமினோ கடல் அனிமோனிலும் கடல் முள்ளெலியின் முட்களுக்கு நடுவிலும் ஒதுங்கி வாழும். வளர்ந்த பிறகு பாறையில் இடம் பிடித்து, அதை விடாமல் காக்கும். அங்கே துரத்தப்பட்ட மீன் பத்து மீட்டர் தள்ளிப் போய்விட்டால் சண்டை முடிந்தது. நாலடித் தொட்டியில் எங்கே போவது? பஸ்ஸில் முதலில் துண்டு போட்டு இடம் பிடித்தவன் கதைதான். அவன் ஒல்லியா குண்டா என்பதெல்லாம் அப்புறம், துண்டு போட்டவனுக்குத்தான் சீட். தொட்டியில் முதலில் வந்த மீனுக்கு ஒவ்வொரு பொந்தும் தன்னுடையது. பிறகு வருகிற ஒவ்வொன்றும் திருடன்.

எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்று அட்டவணைகள் கிடைக்கின்றன அல்லவா, அதில் டேம்சலுக்கு நேரே மஞ்சள் நிறத்தில் "கவனம்" என்று இருக்கும். எந்த மீன் முதலில் போனது என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. எனக்கு அதில்தான் பாதிக் கணக்கு இருப்பதாகப் படுகிறது.

இன்னொரு ஏமாற்று வார்த்தை "ரீஃப் சேஃப்". டாமினோ ரீஃப் சேஃப்தான், நிச்சயமாக. பவளத்தைத் தொடாது. அந்த வார்த்தைக்கு அவ்வளவுதான் அர்த்தம். பக்கத்து மீனை என்ன செய்யும் என்று அது சொல்வதே இல்லை.

சரி, பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பாறை அடுக்கிய தொட்டியில் வலையால் டேம்சல் பிடிப்பவர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம். வலை தண்ணீரைத் தொடுவதற்குள் அது பொந்துக்குள் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, உள்ளே இறால் துணுக்கு போட்டுப் பொறி வைத்தேன். நீமோ உள்ளே போனது. இறால் உள்ளே போனது. டாமினோ வெளியே நின்று மூன்று நாள் வேடிக்கை பார்த்தது. ஒரு நண்பர் கொக்கிமுள் இல்லாத சின்னத் தூண்டிலில் பிடித்திருக்கிறார். எனக்கு அதற்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலிருந்த எல்லா பக்கெட்டும் ஹாலுக்கு வந்தது. பாதித் தண்ணீரை இறைத்து, பாறையை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நான்கு மணி நேரம். மணல் கலங்கித் தண்ணீர் கழனித் தண்ணீர் போல ஆனது. பாறையில் ஒட்டி எட்டு மாதமாக வளர்ந்திருந்த லெதர் கோரல் ஒன்று நடுவில் கிழிந்தது. கடைசிப் பாறையைத் தூக்கியபோது அந்த மீன் பாறையின் ஓட்டைக்குள்ளேயே இருந்தது. பாறையோடு பக்கெட்டுக்குள் குலுக்கி எடுத்தேன். ஒரு வாரத்துக்கு அமோனியா மறுபடி தலை காட்டியது.

திருப்பிக் கொடுக்கப் போனால், அதே கடையில், "இவ்ளோ பெருசா ஆயிடுச்சா சார், யாரும் வாங்க மாட்டாங்களே" என்றார்கள். இன்னும் பெரிதாகும். 14 சென்டிமீட்டர் வரை போகும். வளர வளரப் பொட்டும் மங்கி, அந்தப் பட்டுக் கருப்பும் சாம்பலாகிவிடும். ஓசியில் வைத்துவிட்டு வந்தேன்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். மலிவான அந்த மூன்று டாமினோதான் அந்த வருடம் நான் வாங்கியதிலேயே விலை கூடிய மீன்.

அப்படியானால் சைக்கிளுக்கு என்ன செய்வது? மார்க்கெட்டில் வாங்கின பச்சை இறாலில் ஒரு துண்டைப் போட்டு அழுகவிடுங்கள். நாற்றம் வேண்டாமென்றால் அமோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடலாம். கூடவே பாட்டிலில் வரும் பாக்டீரியாவும் சேர்க்கலாம். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தெரியும் வரை காத்திருங்கள். கஷ்டம் என்னவென்றால், ஆறு வாரம் வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். "இந்தக் கல்லுக்கா இவ்வளவு செலவு" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள், ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டியைத் தொட்டிக்குள் மாட்டி, புது மீனை ஒரு வாரம் அதில் வைத்துப் பழக்கலாம். திறந்து விடும் நாளில் பாறைகளை இடம் மாற்றி அடுக்குங்கள், பழைய எல்லை குழம்பும். சாதுவான டேம்சலிடம் இது பலிக்கும். டாமினோவிடம் பலித்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை பாறையைப் பிரித்தான். இரண்டு பேராக இருந்ததால் இரண்டு மணி நேரத்தில் முடித்தோம். நாலு டாமினோவையும் கவரில் கட்டிக் கொளத்தூர்ப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டு போனான். வாங்கித் தொட்டியில் விட்ட அரை மணி நேரத்தில், புது டேங்க் வைக்கிற ஒருவருக்கு அதிலிருந்து இரண்டைப் பிடித்துக் கொடுத்தார்களாம். "சொல்லலாமா வேணாமான்னு நின்னேன்ணே, அதுக்குள்ள அவர் பைக்ல ஏறிட்டாரு" என்றான்.

எந்த வரிசை

பயந்த மீன் முதலில், முரட்டு மீன் கடைசியில். நாலடித் தொட்டி என்றால் நான் ஃபயர்ஃபிஷ்ஷில் தொடங்குவேன். அடுத்து ஒரு கோபி மீன், கூடவே பிஸ்டல் இறால். இறால் பொந்து தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும், ஒரு மாதம் பார்த்தாலும் அலுக்காது. பிறகு ராயல் கிராமா, பிறகு நீமோ ஜோடி. சிக்ஸ் லைன் ராஸ் என்ற முரட்டு மீன் மேல் ஆசை இருந்தால் எல்லாவற்றுக்கும் பிறகு, முடிந்தால் அந்த ஆசையையே விடுங்கள். நீல உடம்பு, மஞ்சள் வால் டேம்சல் அந்தக் குடும்பத்தில் கொஞ்சம் சாது. அதுவும் கடைசியில்தான். ஒவ்வொரு சேர்க்கைக்கும் நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

மூன்று நீமோ

வீட்டில் மூன்று பேர், அதனால் மூன்று நீமோ என்று மகள் சொன்னாள், வாங்கினேன். நீமோ எல்லாமே முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் ஜோடி. மூன்றாவதற்கு அந்த வீட்டில் வேலையில்லை. கடலில் பெரிய அனிமோனில் ஒதுங்கிக் காலம் தள்ளும், நம் தொட்டியில் ஒதுங்க இடமில்லை. அளவில் வித்தியாசம் தெரிகிற இரண்டு குட்டிகளை ஒரே நாளில் விடுங்கள். பெரியது யார் என்று அவற்றுக்கே சண்டையில்லாமல் புரிந்துவிடும். கிடைத்தால் தொட்டியிலேயே பொரித்து வளர்த்த குட்டியாகக் கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே இவற்றைப் பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறது. தொட்டியில் பிறந்தது குச்சித் தீனியை முதல் நாளே தின்னும்.

டோரி

நீல நிற சர்ஜன் மீன். 30 சென்டிமீட்டர் வளரும். நாலடிக்கு வேண்டாம்.

யாரோடும் சண்டை போடாத மாண்டரின்

அட்டவணையில் எல்லாக் கட்டமும் பச்சை. இதைவிடச் சாது கிடையாது. ஆனால் இது நாள் முழுதும் பாறையைக் கொத்திக் கொத்தி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற கோப்பிபாட் பூச்சிகளைத் தின்று வாழ்கிற மீன். குச்சித் தீனியை ஏறெடுத்தும் பார்க்காதவைதான் பெரும்பாலும் கிடைக்கும். மூன்று மாதத் தொட்டியில் அந்தப் பூச்சி எவ்வளவு இருக்கும்? அதே பூச்சியை இரண்டு மடங்கு வேகத்தில் தின்னும் ராஸ் ஒன்று கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். நன்றாகத்தானே நீந்துகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, வயிறு மெல்ல உள்ளே ஒட்டும். மேலிருந்து பார்த்தால் முதுகு கத்தி போலத் தெரியும். அந்த நிலைக்கு வந்த பிறகு நான் ஒன்றைக்கூடக் காப்பாற்றியதில்லை. ஒரு வருடமாவது ஓடின, பாறை நிறைந்த தொட்டி இருந்தால் யோசிக்கலாம்.

ஜாடை ஒத்தவை

ராயல் கிராமாவும் ஊதா மஞ்சள் டாட்டிபேக்கும் கடலில் சந்தித்ததே இல்லை. ஒன்று கரீபியன், மற்றது பசிபிக். தொட்டியில் பார்த்த நிமிடமே பங்காளிச் சண்டை. ஒரே நிறம், ஒரே உடல்வாகு, ஒரே பொந்து என்றால் ஒன்றுதான்.

பட்டாம்பூச்சி மீன்

இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்குப் பவளம்தான் சாப்பாடு. தொட்டியில் களை போலப் பரவும் ஐப்டேசியா என்ற அனிமோனைத் தின்னும் என்று, காப்பர்பேண்ட் என்ற வகையைத் தலையில் கட்டுவார்கள். தின்னலாம், தின்னாமலும் பட்டினி கிடக்கலாம்.

கடல்குதிரை

யாராவது ரகசியமாகக் காட்டினால் நடையைக் கட்டுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. நம் கடலில் எடுக்கும் கல் பவளமும் அப்படித்தான்.

நேராகத் தொட்டியில் விடுவது

கடி வாங்கி ஒதுங்கி நிற்கிற மீனுக்குத்தான் வெள்ளைப் புள்ளி நோய் முதலில் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மருந்து செம்பு. செம்பை ரீஃப் தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் பவளமும் காலி. மீன்களையெல்லாம் பிடித்துத் தனித் தொட்டியில் வைத்து மருந்து போட வேண்டும். பெரிய தொட்டி மீனே இல்லாமல் 76 நாள் கிடக்க வேண்டும் என்பது பலரும் கடைப்பிடிக்கிற கணக்கு. பிடிப்பது என்றால் என்னவென்று மேலே சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு. புது மீன் முதல் நான்கு வாரம் அங்கே இருக்கட்டும். சாப்பிடுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

மூடி

கால் அங்குலக் கண் உள்ள வலை. ஃபயர்ஃபிஷ் வாங்குகிற அன்றைக்கே, மீனுக்கு முன்னால்.