வேனிலேயே தங்கி பாண்டி சுற்ற: வேலூரிலிருந்து போகிறவர்களுக்குச் செய்முறை

பாண்டியில் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேனில் போகிறவர்களுக்குத் தலைவலி வேறு: வண்டியை எங்கே நிறுத்துவது, கடலோர ஈரக்காற்றில் உள்ளே எப்படித் தூங்குவது. மாருதி ஈக்கோ மாதிரி சின்ன வேனில் இரண்டு பேர், இரண்டு ராத்திரி என்ற கணக்கில் இது எழுதப்பட்டது. பின்சீட்டை மடக்கி, கழற்றி மாட்டக்கூடிய பிளைவுட் பலகை போட்டு, மேலே மெத்தை விரித்தால் போதும். பலகையை வண்டி பாடியோடு வெல்டிங் வைத்துவிட்டால் ஆர்.சி.யில் இருப்பது ஒன்று, வண்டியில் இருப்பது ஒன்று என்றாகி, இன்சூரன்ஸ் க்ளெய்மில் மாட்டுவீர்கள்.

1. நாள் பார்ப்பது

ஜனவரி முதல் மார்ச் வரை உத்தமம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. சனி, ஞாயிறும் வேண்டாம். சென்னை, பெங்களூர் வண்டிகள் மொத்தமும் அன்றைக்கு அங்கேதான் நிற்கும். செவ்வாய் கிளம்பி வியாழன் திரும்புங்கள்.

2. ஏற்ற வேண்டியவை

தண்ணீர்: 20 லிட்டர் கேன் இரண்டு. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர். மிச்சம் பாத்திரம் கழுவ. குளியலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கரண்ட்: 12 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சுமார் 640 வாட்-அவர் தரும். 25 வாட் டிசி ஃபேன் 8 மணி நேரம் ஓட 200, இரண்டு போனும் ஒரு விளக்கும் 60. ஆக ஒரு ராத்திரிக்கு 260, இரண்டுக்கு 520. வீட்டில் சும்மா கிடக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைக்கலாமா என்றால், கூடாது. கனம் ஒரு பக்கம், பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும் என்பது ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேல், தூங்குகிற இடத்தில் ஆசிட் பேட்டரி வைக்கவே கூடாது.

அடுப்பு: கையடக்க பியூட்டேன் கேனிஸ்டர் அடுப்பு போதும். பின்கதவைத் தூக்கிவிட்டு வெளியே வைத்துத்தான் சமைக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகத் தங்கும். மெத்தை இருப்பதும் அந்த உயரத்தில்தான். பகலில் பூட்டிய வண்டியின் வெயிலில் கேனிஸ்டரை விட்டுப் போகாதீர்கள்.

காய்கறியில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் அரை கிலோ எடுத்துப் போனால் ஒரு நாள் குழம்பு ஆயிற்று. மற்றதெல்லாம் அங்கே குபேர் அங்காடியில் வாங்கிக்கொள்ளலாம்.

3. வழி

கண்ணமங்கலம், ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம், பாண்டி. சுமார் 150 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய சின்ன வேனுக்கு நான்கு மணி நேரம் வையுங்கள். திண்டிவனம் தாண்டி மொரட்டாண்டியில் டோல் இருக்கிறது, ஃபாஸ்டேகில் பணம் இருக்கட்டும். டேங்கை வேலூரில் நிரப்ப வேண்டாம். பாண்டியில் பெட்ரோல் விலை குறைவு, திரும்பும்போது ஃபுல் பண்ணிக்கொள்ளுங்கள்.

4. வண்டியை எங்கே விடுவது

கால்வாய்க்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுப் பகுதிக்குள் வேனை நுழைக்கவே நினைக்காதீர்கள். தெருக்கள் நேர்நேராகத்தான் இருக்கும், ஆனால் ஒருவழிகள் அதிகம், ஓரமெல்லாம் வண்டி நிற்கும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7:30 வரை வண்டிக்கு அனுமதியே கிடையாது. ராத்திரி கடலைப் பார்த்தபடி வண்டியிலேயே தூங்கலாம் என்ற ஆசை இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். ரோந்து போலீஸ் எழுப்பிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது: காம்பவுண்டு உள்ள சாதாரண லாட்ஜ் ஒன்றில் போனிலேயே பேசி, ஒரே ஒரு ரூம் எடுப்பது. குளியல், கழிவறை, சார்ஜர் எல்லாம் அந்த வாடகைக்குள் வந்துவிடும். “வேன் வருது, ராத்திரி வண்டியிலேயே படுத்துக்குவோம், பரவாயில்லையா அண்ணே?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சொல்லாமல் போய்ப் படுத்தால் வாட்ச்மேனோடு வாக்குவாதம்தான் மிஞ்சும். பாத்திரம் கழுவின தண்ணீரைப் பத்து லிட்டர் கேனில் பிடித்து அங்கேயே கழிவறையில் ஊற்றுங்கள், தெருக் கால்வாயில் அல்ல.

5. தூக்கம்

வேலூர்க்காரர்கள் சறுக்குவது இங்கேதான். நம்மூர் வெயில் வறண்ட வெயில். ஈரத்துணியைத் தொங்கவிட்டாலே குளிர்ச்சி வரும், சின்ன கூலர்கூட நன்றாக வேலை செய்யும். பாண்டியில் காற்றே ஈரம். கூலர் தண்ணீர் ஆவியாகாது, உள்ளே இருக்கும் பிசுபிசுப்பைத்தான் கூட்டும். கூலரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

காற்று ஓட்டம் ஒன்றுதான் வழி. பகலில் காற்று கடலிலிருந்து வரும், அதாவது கிழக்கிலிருந்து. இரவு ஏறஏற நிலம் சீக்கிரம் குளிர்வதால் திசை மாறி மேற்கிலிருந்து வரும். சாயங்காலம் கடல் காற்று வருகிறதே என்று கிழக்கு ஜன்னலை மட்டும் திறந்து வைத்துப் படுத்தால் பாதி ராத்திரியில் புழுக்கம் எழுப்பிவிடும். ஆகவே வண்டியைத் தெற்கு வடக்காக நிறுத்தி, இரண்டு பக்க ஜன்னலையும் ஒரு கை அளவு திறந்து, ஃபேனை மேற்கு ஜன்னல் ஓரம் உள்பக்கமாகப் பார்த்து வையுங்கள். எல்லாவற்றையும் மூடிப் படுத்தால் இரண்டு பேர் மூச்சுக்காற்றே கண்ணாடியில் நீராகக் கோத்து மெத்தை ஓரம் நனையும்.

திறந்த ஜன்னலுக்குக் கொசுவலை. ரெடிமேடாக விற்கும் காந்த வலை காற்றில் விலகிக்கொள்கிறது. வேலூர் லாங் பஜாரில் நைலான் வலையும் ஒட்டுப்பட்டையும் (வெல்க்ரோ) மீட்டர் கணக்கில் வாங்கி, ஜன்னலைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, ஓரம் அடித்துக்கொள்வது மேல். பட்டையை ஒட்டுமுன் ஜன்னல் சட்டத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள். தூசி இருந்தால் உப்புக்காற்றில் மறுநாளே உரிந்து வரும்.

6. ஊர் சுற்றல்

புதன் விடியற்காலை 5:30க்கு நடந்தே கடற்கரைச் சாலை. 7:30 வரை வண்டி வராது, சாலை முழுக்க நமக்கு. காந்தி சிலை, 1836ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் எல்லாம் அடுத்தடுத்து. கரையோரம் கருங்கல் கொட்டியிருக்கும், அங்கே குளிக்க இறங்க வேண்டாம். வெயில் ஏறியதும் மணக்குள விநாயகர் கோயில், பிறகு கால்வாய் தாண்டி தமிழர் பகுதி. வைசியாள் வீதித் திண்ணை வீடுகளை அவசரமில்லாமல் பாருங்கள். வியாழன் வாடகை ஸ்கூட்டர் எடுத்து அரிக்கமேடு. அங்கே கண்ணுக்குத் தெரிவது சில செங்கல் சுவர்களும் ஆற்றங்கரையும்தான். 1945ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானியரோடு வணிகம் நடந்ததை நிறுவிய இடம் என்று தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

7. மணலில் சிக்கினால்

கிராமத்துக் கடற்கரைகளுக்கு வேனை ஓட்டினால் தார் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். மீறிச் சிக்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் அச்சு வரை புதையும். டயர்க் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்தின் முன்னே மணலைக் கையால் வழித்து, கால்மிதியைச் செருகி, முதல் கியரில் மெதுவாக எடுங்கள். ஈக்கோவுக்குப் பின்சக்கரம்தான் இழுக்கும், மிதியை அங்கே செருக வேண்டும். ரோட்டுக்கு வந்ததும் 12 வோல்ட் பம்பால் காற்றை ஏற்றிவிட்டுத்தான் வேகம்.

8. திரும்பியதும்

காலையில் முன்கண்ணாடியில் உப்புப் படலம் இருக்கும். தண்ணீர் ஊற்றாமல் வைப்பரைப் போடாதீர்கள், கீறும். வேலூர் வந்த இரண்டு நாளுக்குள் வாட்டர் வாஷ் கடையில் அடிப்பக்கமும் சக்கர வளைவுகளும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். மேலே மட்டும் பளபளவென்று துடைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், துரு பிடிப்பது கீழேதான்.

பின்சேர்க்கை

மஞ்சள் போர்டு வேனை வாடகைக்கு எடுத்தால், பாண்டிக்கான பர்மிட் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்குமுன் கேளுங்கள். அது யூனியன் பிரதேசம், தமிழ்நாட்டு பர்மிட் மட்டும் போதாது. சொந்த வெள்ளை போர்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

திரும்பும் வழியில் செக்போஸ்டில் வேனைத்தான் முதலில் ஓரங்கட்டுவார்கள், மெத்தைக்கு அடியிலும் பார்ப்பார்கள். பாண்டிச் சரக்கு கிடைத்தால் கேஸோடு வண்டியும் பறிமுதலாகலாம். கூட வருகிறவர்களின் பைகளையும் கிளம்புமுன் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.