வெள்ளத்தில் நின்ற காருக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடுவது எப்படி?

தண்ணீர் வடிந்ததும் ஓடிப்போய் சாவியைத் திருப்பாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜின் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது; ஸ்டார்ட் செய்த நொடியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். இன்ஜினைப் பிரித்ததும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கண்ணில் அது படும். ‘இது வெள்ளம் செய்ததல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது’ என்று இன்ஜின் செலவை அடித்துவிடுவார். பாலிசியோடு இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் பேச இடமுண்டு. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, டோ வண்டிக்குச் சொல்லுங்கள். பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமான வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் இந்தச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது.

கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். கதவிலும் சீட்டிலும் சேறு ஒரு கோடாகப் படிந்திருக்கும். தண்ணீர் தரைவிரிப்போடு நின்றதா, டேஷ்போர்டு வரை ஏறியதா என்பதற்கு அதுதான் சாட்சி. நம்பர் பிளேட்டும் கோடும் ஒரே படத்தில் வரட்டும். 

அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி க்ளெய்ம் எண் வாங்குங்கள். சர்வேயர் வரும்வரை ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டையும் கழற்ற விடாதீர்கள். பிரித்த பிறகு புதிதாகச் சேதம் தெரிந்தால், மாற்றுவதற்கு முன் அவரையே மறுபடி கூப்பிட வேண்டும். மாற்றிய பழைய பாகங்கள் பில் முடியும்வரை ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கட்டும்.

பில் முழுதும் கைக்கு வராது. மூன்றரை வயதுக் காரில் 12,000 ரூபாய் ஆல்டர்னேட்டருக்கு 25 சதவீதம், அதாவது 3,000 தேய்மானம். 6,000 ரூபாய் பேட்டரிக்குப் பாதி போய்விடும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் அப்படியே. கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவு இல்லை. தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் கவர் இருந்தால் இந்தப் பிடித்தம் பெரும்பாலும் தப்பும். ஆனால் 1,500 சிசி வரையிலான காருக்கு நீங்களே ஏற்க வேண்டிய 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு எப்படியும் உண்டு.

ரிப்பேர் செலவு ஐடிவியில் (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது வண்டியே முழுதாகப் போனதாகக் கணக்கு. ஐடிவி 4 லட்சம் என்றால் அந்த எல்லை 3 லட்சம். வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் காயலான் மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள்.

தொகை குறைவாகத் தெரிந்தால் சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று வரிவரியாகப் பாருங்கள். ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்ற வவுச்சரில் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால், தமிழ்நாட்டுக்காரர்கள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது.