சின்கேஸ் பாட்டில் வளர்ப்பு: ரோஸ் நிறம் போகாமல் தவிப்பவர்களுக்கு

விறகோ குப்பையோ, போதாத ஆக்சிஜனில் சூடாக்கினால் வருவது சின்கேஸ். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் தின்று அசெட்டிக் அமிலமும் எத்தனாலும் தருகிறது கிளாஸ்ட்ரிடியம் லியுங்டாலி. அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் கோழிக்கழிவில் கிடைத்த, ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியா இது. முயல் புழுக்கையில் கிடைத்த இதன் நெருங்கிய சொந்தம், ஆட்டோஎத்தனோஜீனம், 2018-இல் சீனாவில் எஃகு ஆலைப் புகையை எத்தனாலாக்கும் வேலைக்கே போய்விட்டது. நமக்கு இப்போதைக்கு 125 மில்லி சீரம் பாட்டில் போதும்.

முதலில் ஒன்று. கார்பன் மோனாக்சைடு விஷம், அதற்கு வாசனையும் கிடையாது. ஃபியூம் ஹூடும் (வாயுவை வெளியே இழுத்துவிடும் கூண்டு) டிடெக்டரும் இல்லாத அறையில் சிலிண்டரைத் திறக்கவே கூடாது.

மீடியத்தில் (பாக்டீரியா வளரும் கரைசல்) துளி ரெசாசுரின் சாயம் கலந்து (ஆக்சிஜன் இருந்தால் ரோஸ், போனால் நிறமில்லை), நைட்ரஜன் ஓடவிட்டபடியே கொதிக்க வையுங்கள். ஆறியதும் பிஎச் 5.9-க்குக் கொண்டுவந்து, நைட்ரஜன் ஓட்டத்திலேயே பாட்டிலுக்கு 25 மில்லி ஊற்றி, மூடி, அலுமினியத் தொப்பியைக் கிரிம்ப் செய்து (இறுக்கி நெரித்து) ஆட்டோக்ளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) வையுங்கள். பிறகு மிச்ச ஆக்சிஜனையும் போக்க, ஆக்சிஜன் நீக்கிய சிஸ்டீன் கரைசலை ஊசியால் செலுத்துங்கள். ரோஸ் மெல்ல வெளுத்து நிறமே இல்லாமல் போகவேண்டும். போகாத பாட்டிலில் பாக்டீரியாவை விடாதீர்கள், வீண்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சாயங்காலம் தெளிந்த பாட்டில் காலையில் பார்த்தால் ரோஸ். சிஸ்டீனைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், மூன்று வாரம் போனது. கடைசியில் குற்றவாளி மூடி! மலிவாகக் கிடைத்ததென்று சிலிகோன் மூடி போட்டிருந்தேன். சிலிகோன் வழியாக ஆக்சிஜன் தாராளமாக உள்ளே போகும். தடித்த பியூட்டைல் ரப்பர் மூடியை மட்டும் வாங்குங்கள், விலை பார்க்காதீர்கள். சிரிஞ்சையும் ஒவ்வொரு முறையும் நைட்ரஜனால் மூன்று தடவை அலசுங்கள்.

நிறம் போனதும், ஃப்ரக்டோஸ் சர்க்கரையில் ஏற்கெனவே வளர்த்த பாக்டீரியாவை வித்தாக 2.5 மில்லி விட்டு, திரவத்துக்கு மேலுள்ள வெளியில் இருக்கும் நைட்ரஜனை விரட்டிச் சின்கேஸ் நிரப்புங்கள். விறகுவாயுவில் தார் வரும், அதனால் முதல் தடவைக்குச் சிலிண்டர் கலவைதான் என் சிபாரிசு. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் சுலபமாகக் கரையாது. ஆகவே பாட்டிலைப் படுக்கவைத்து, 37 டிகிரி ஷேக்கரில் ஆட்டுங்கள். நிமிர்த்தி வைத்தால் மேலே வாயு இருந்தும் கீழே பட்டினிதான். உள்ளே அழுத்தம் குறையக் குறைய, தின்கிறது என்று அர்த்தம்.

பின்சேர்க்கை: மாதிரி எடுத்ததும் மறுபடி ரோஸ் ஆகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். வாயு தீர்ந்து பாட்டில் உள்ளிழுக்கும் நிலைக்கு வந்திருக்கும், ஊசி குத்தியதும் காற்று உள்ளே போய்விடுகிறது. வாயுவை நிரப்பிவிட்டு அப்புறம் குத்துங்கள்.

இன்னொருவர் இரண்டே நாளில் லிட்டருக்கு அரை கிராம் அசெட்டிக் அமிலம் என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். அது முழுக்கச் சின்கேஸிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. வித்தோடு வந்த ஃப்ரக்டோஸ் ஒரு கிராம் இருந்தாலே கிட்டத்தட்ட ஒரு கிராம் அமிலம் தரும். சின்கேஸுக்குப் பதில் நைட்ரஜன் மட்டும் அடைத்த பாட்டில் ஒன்றையும் கூடவே ஓட்டி, அதில் வருவதைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.