தன்னை நோக்கும் ஆற்றுகை: ஒரு மணிநேரத்துக்கான விதி

கலைஞர் பார்ப்பவர்கள் முன் ஒரு செயலைத் தானே நிகழ்த்தும் ஆற்றுகைக் கலையில் (performance art) பெரும்பாலும் வேடம் இல்லை. கலைஞரின் உடலும் அவர் செலவிடும் நேரமுமே மூலப்பொருள்கள். ஆகவே தன்னை ஆராய விரும்புபவர் முதலில் எழுத வேண்டியது வசனமன்று, விதி: எதை, எவ்வளவு நேரம், எப்படிச் செய்வது என்ற கட்டுப்பாடு. “நான் யார்?” என்ற கேள்வி மேடைப்பேச்சுக்குப் பொருந்தலாம், ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்காது. “பிறர் பார்க்கையில் நான் எதை மறைக்கிறேன்?” என்ற அளவுக்கு அதைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

விதி மீறக்கூடிய அளவுக்குக் கடினமாக இருத்தல் நல்லது. தைவானில் பிறந்த ஆற்றுகைக் கலைஞர் டேசிங் ஷியே, 1980 ஏப்ரல் முதல் ஓராண்டு முழுவதும் நியூயோர்க்கில் மணிக்கொரு தடவை, இரவிலும்கூட, வேலைநேரப் பதிவுக் கருவியில் அட்டையைக் குத்தினார். மொத்தம் 8,760 தடவைகளில் 133ஐத் தவறவிட்டார். அவற்றுள் 94 தூக்கத்தால் தவறியவை என்பது உட்பட எல்லாவற்றையும் காரணத்தோடு பதிவுசெய்தார். குத்திய அட்டைகளைவிட அந்தத் தவறுகளின் பட்டியலையே நான் அவருடைய உருவப்படமாகக் கருதுகிறேன்.

திருகோணமலையில் டச்சு பே கடற்கரையில் நான் வைத்துக்கொண்ட விதி எளியது: கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்து, மடியில் நிறுத்திய கண்ணாடியில் என் கண்களையே ஒரு மணிநேரம் பார்க்க வேண்டும், பார்வை விலகும் ஒவ்வொரு தடவையும் வலப்பக்கக் குவியலிலிருந்து ஒரு சிப்பியை இடப்பக்கம் வைக்க வேண்டும். கால்மணிநேரத்துக்குள் உப்புக்காற்று கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிந்துவிட்டது. துடைக்கலாமா என்பதை விதியில் எழுத மறந்திருந்தேன், துடைக்கவில்லை. கச்சான் கொறித்துக்கொண்டு வந்த சிறுவன் ஒருவன் குனிந்து, “மாமா, கண்ணுக்குள்ள தூசியா?” என்று கேட்டபோது மூன்று சிப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறின.

இடத்தைத் தேர்வதில் கவனம் தேவை. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை கண்ணுக்கு அழகானதுதான். ஆனால் அது இராணுவம் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் செல்கிறது, அடியார்கள் வழிபாட்டுக்காக நடக்கும் பாதையும்கூட. அங்கே வேண்டாம். மாரிமழைக் காலத்தைத் தவிருங்கள். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று மணலை வாரியடிக்கும் நாட்களையும் தவிருங்கள். பார்ப்பவர்கள் பேசலாமா, தொடலாமா, எந்தச் சூழலில் நிறுத்திவிடுவீர்கள் என்பவற்றை முன்கூட்டியே எழுதி, உடன் வரும் நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். தண்ணீர்ப் போத்தலும் அவரிடமே இருக்கட்டும்.

அந்த நண்பரின் முதன்மையான வேலை காவல் அன்று, குறிப்பெடுத்தல். நீங்கள் ஒவ்வொரு சிப்பியை நகர்த்தும்போதும் நேரத்தையும் அக்கணத்தில் சுற்றுப்புறத்தில் நடந்ததையும் அவர் ஒரு வரியில் எழுத வேண்டும். முடிந்தவுடன், அவருடைய கொப்பியைப் பார்ப்பதற்கு முன்பே, பார்வை எப்போது, எதனால் விலகியது என்று நினைவிலுள்ளபடி நீங்கள் தனியாக எழுதுங்கள். அதன்பிறகே இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். இரைச்சல்தான் என்னைக் கலைத்தது என்று நான் எழுதியிருந்தேன். நண்பரின் கொப்பியிலோ, இருபத்திரண்டு விலகல்களில் பதினான்கு, எனக்குத் தெரிந்த யாரோ கடந்துபோன வேளைகளில் நிகழ்ந்திருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பக்கத்தில் “சட்டைக் கொலரைச் சரிசெய்தார்” என்றும் இருந்தது. கொலரைத் தொட்டது ஒருதடவைகூட என் நினைவில் இல்லை. அடுத்த ஆற்றுகைக்கான விதி அந்த வரியிலிருந்தே கிடைத்தது: அதே இடம், அதே நேரம், கொலர் இல்லாத சட்டை.