சிறிய லினக்ஸ் மின்னஞ்சல் சேர்வரில் ஸ்பாம் வடிகட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறக்கோட்டை இறக்குமதி வணிகர் ஒருவருக்கோ புதுக்கடைச் சட்டத்தரணி ஒருவருக்கோ லினக்ஸில் சிறியதொரு மின்னஞ்சல் சேர்வரை அமைத்துக் கொடுப்பவர்கள், கடிதங்களை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும் அவற்றைப் பெட்டியில் வைத்துப் படிக்கத் தரும் டோவ்கொட்டும் ஓடத் தொடங்கிய பிறகு, ஸ்பாம் வடிகட்டியைக் கடைசி வேலையாக அவசரத்தில் முடித்துவிடுவது வழக்கம். வடிகட்டி தளர்வாக இருந்தால் நாலைந்து குப்பைக் கடிதங்கள் கூடுதலாக வரும், அழித்துவிடலாம். அது அளவுக்கு மீறி இறுகினாலோ, கப்பல் ஆவணம் பற்றியோ வழக்குத் தவணை பற்றியோ வந்த கடிதம் எவருக்கும் தெரியாமல் காணாமற்போகும். எனவே நல்ல கடிதத்தை இழக்க வைக்கும் தவறுகளையே முதலில் கவனிக்க வேண்டும்.

அவற்றுள் மிகக் கொடியது, ஸ்பாம் அனுப்பும் முகவரிகளைத் தொகுத்து வைக்கும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடுப்புப் பட்டியல்களைப் பொது டிஎன்எஸ் (இணையப் பெயர்களைத் தேடித் தரும்) சேவையின் வழியாகக் கேட்பதாகும். கடிதம் கொண்டுவரும் ஐபி முகவரியைத் தலைகீழாக்கி, பட்டியலின் பெயரோடு சேர்த்து நமது சேர்வர் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. ஸ்பாம்ஹவுஸின் ஸென் பட்டியலில் அந்த முகவரி இருந்தால் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையுள்ள ஒரு பதில் வரும். ஆனால் கேள்வி 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொதுச் சேவைகளின் வழியாகப் போனால், ஸ்பாம்ஹவுஸ் உண்மையான பதிலைத் தராமல் 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் தரக்கூடும். எந்தக் குறியீட்டை ஏற்பது என்று சொல்லிவைக்காத போஸ்ட்ஃபிக்ஸ், பதில் வந்ததையே குற்றமாகக் கொண்டு, வருகின்ற கடிதங்கள் அனைத்தையும் திருப்பி அனுப்பிவிடும். அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைச் சேர்வரிலேயே நிறுவி, அதை வேறெவருக்கும் கேள்வியைக் கைமாற்றாமல் தானே தேட வைப்பதும், ஏற்கத்தக்க பதில்களின் எல்லையைப் போஸ்ட்ஃபிக்ஸ் விதியில் குறிப்பிடுவதும் இதற்குத் தீர்வாகும். டெபியன் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ், மற்றக் கோப்புகளைப் பார்க்க முடியாத தனி அடைப்புக்குள் (chroot) ஓடினால், டிஎன்எஸ் அமைப்பின் நகலொன்றை அங்கே வைத்திருப்பதால், மாற்றம் செய்த பின்னர் அதை மறுபடி தொடங்க வேண்டும் என்பதும் பலருக்குத் தப்பிவிடுகிறது. பரிசோதிக்க விரும்பினால் 127.0.0.2 என்ற முகவரியைக் கேட்டுப் பாருங்கள்: அது சோதனைக்காகவே எப்போதும் பட்டியலில் இருக்கும். 127.0.0.1 ஒருபோதும் இருக்காது. பட்டியல்களும் நிலையானவை அல்ல. மூடப்பட்ட ஏஎச்பிஎல் என்ற தடுப்புப் பட்டியல் 2015 ஜனவரியில் கேட்ட முகவரிகள் அனைத்தையும் குற்றவாளிகளாகக் காட்டத் தொடங்கியது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதை இணைத்து மறந்துவிட்டவர்கள் அன்று எல்லாக் கடிதங்களையும் மறுத்தார்கள்.

விதிகளின் வரிசையும் இதே அளவு முக்கியமானது. ஸென் பட்டியலின் ஒரு பகுதி, வீட்டு இணைய இணைப்புகளுக்கு வழங்கப்படும் முகவரிகளைக் கொண்டது. அவற்றில் தீமை எதுவும் இல்லை. அங்கிருந்து நேரடியாக வேறொரு சேர்வருக்குக் கடிதம் வரக்கூடாது என்பதே பொருள். கடவுச்சொல் கொடுத்து உள்நுழைந்தவரை அனுமதிக்கும் விதிக்கு முன்னால் பட்டியல் விதி நின்றால், வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து வேலை செய்யும் கணக்காளர், தனது அலுவலகச் சேர்வராலேயே மறுக்கப்படுவார். உள்நுழைந்தவரை முதலில் அனுமதியுங்கள். ஊழியர்கள் கடிதம் அனுப்புவதற்கு 587ஆம் போர்ட்டை ஒதுக்கி, அதில் இந்தப் பட்டியல்களைச் சேர்க்காமல் விடுவது இன்னும் தெளிவான ஏற்பாடு.

கடிதத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு அழிப்பதும், ஏற்றுக்கொண்டு பிறகு திருப்பி அனுப்புவதும் தவறானவை. முன்னதில் அனுப்பியவருக்கு எதுவும் தெரியாது; பின்னதில், ஸ்பாமின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால், சம்பந்தமில்லாத ஒருவரின் பெட்டி நிரம்புகிறது, நமது சேர்வரின் பெயரும் கெடுகிறது. மறுப்பதானால் இணைப்பு திறந்திருக்கும்போதே மறுக்க வேண்டும். சந்தேகமானால் ஜங்க் கோப்புறையில் போட வேண்டும். மறுப்புச் செய்தியின் அடியில் அலுவலகத் தொலைபேசி எண்ணைச் சேர்க்கும் வசதி போஸ்ட்ஃபிக்ஸில் உண்டு. சென்னையிலிருந்து விலைப்பட்டியல் அனுப்பி மறுக்கப்பட்டவர், அந்த எண்ணைப் பார்த்து ஒரு அழைப்பு எடுத்தாலே வியாபாரம் காப்பாற்றப்படும்.

ஸ்பாம் சந்தேகத்துக்கேற்பக் கடிதத்துக்கு இடப்படும் மதிப்பெண் விடயத்தில் சுருக்கமாகச் சொன்னால், ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டியின் விதிகள் 5 என்ற எல்லைக்காகவே எடைபோடப்பட்டவை. அதை 2 ஆகக் குறைக்காதீர்கள். ஆர்ஸ்பாம்டி என்ற மற்றொரு வடிகட்டியின் அளவுகோல் வேறு: இயல்புநிலையில் 6இல் தலைப்பில் குறியிட்டு, 15இல்தான் மறுக்கிறது. ஒன்றின் எண்ணை மற்றதில் எழுதினால் நல்ல கடிதங்கள் அடிபடும்.

பழைய கடிதங்களைக் காட்டி ஸ்பாமை அடையாளம் காணக் கற்பிக்கும் பேஸ் (Bayes) பயிற்சியில் நேரும் பிழை கண்ணுக்குத் தெரியாதது. ஸ்பாம்அசாசின் 200 ஸ்பாம், 200 நல்ல கடிதம் இரண்டையும் கற்ற பின்னரே பேஸ் மதிப்பெண் தரும். குப்பையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் அது வாய் திறக்காது. ரூட் (சேர்வரின் தலைமைப்) பயனராக இருந்து பயிற்சி கொடுத்தால், கற்றது ரூட்டின் வீட்டு அடைவில் சேரும். வடிகட்டியோ, அதை போஸ்ட்ஃபிக்ஸோடு இணைக்கும் அமாவிஸ் மென்பொருளின் பயனராக ஓடி, தனது வெற்றுத் தரவுத்தளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தப் பயனராக ஓடுகிறதோ அதே பயனராகக் கற்பித்து, கற்ற எண்ணிக்கையையும் சரிபாருங்கள். ஊழியர்கள் ஜங்க் கோப்புறைக்கு நகர்த்துவதையெல்லாம் தானாகக் கற்கும்படி அமைத்தால், தாங்களே பதிவுசெய்த வங்கி விளம்பரங்களை அவர்கள் அங்கே தள்ளக்கூடாது என்று விளக்குங்கள். வங்கியின் மாதக் கூற்றும் அதே மொழியில்தான் வருகிறது.

சொந்த டொமைனை நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பது கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம். முதலாளியின் பெயரில் பணம் கேட்கும் போலிக் கடிதம் அந்த டொமைனைத்தான் போட்டுக்கொண்டு வரும். கடிதம் அந்த டொமைனிலிருந்தே வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சரிபார்ப்பில் தேறியவற்றை மட்டும் நம்பும் வகையைப் பயன்படுத்த வேண்டும். மொழியை வைத்து மதிப்பெண் கூட்டும் விதிகளை, தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே கடிதத்தில் கலக்கும் கொழும்பு அலுவலகத்தில் அணைத்துவைப்பதே நல்லது. கிரேலிஸ்டிங் என்ற முறை, முதன்முறை கடிதம் கொண்டுவருகிற சேர்வரைக் காத்திருந்து மறுபடி வரச் சொல்வதால், சில நிமிடங்களில் காலாவதியாகும் ஓடிபி (ஒருமுறைக் கடவுச்சொல்) கடிதங்கள் வீணாகக்கூடும்.

புதிய விதி எதையும் முதல் நாளே மறுக்க விடாதீர்கள். மறுக்காமல் பதிவில் மட்டும் எழுதவைக்கும் முறை போஸ்ட்ஃபிக்ஸில் உள்ளது. அதை ஒரு மாத இறுதியாவது கடக்கும்வரை வைத்து, சம்பளம், வங்கிக் கூற்று, விற்பனையாளர் பட்டியல் ஆகியவற்றில் எவை சிக்கியிருக்கும் என்பதைப் பதிவில் பார்த்த பிறகு இயக்குங்கள்.